புதிதாக ஒரு கால்பந்து அணி என்றால் எந்த ஊருக்கு? நான் கோலாப்பூர் என்பேன்

"இந்தியாவில் இனி ஒரு தொழில்முறை கால்பந்து அணி புதிதாகத் தொடங்கினாலோ, இருக்கிற அணி ஒன்று இடம் மாறினாலோ, எந்த ஊருக்குப் போவது நியாயம்?" இதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் மகாராஷ்டிராவின் கோலாப்பூர், அடுத்து கேரளாவின் மலப்புறம், அதற்கடுத்து எங்கள் கோயம்புத்தூர். மணிப்பூரின் இம்பாலும் மிசோரமின் ஐஸ்வாலும் வேறு கணக்கு. அதைப் பின்னால் சொல்கிறேன். இடம் மாற்றுவதைப் பற்றிக் கேட்டால், எந்த ஊரிலிருந்தும் அணியைப் பிடுங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நான் வார்ப்படத் தொழிலில் இருப்பவன். வேலை விஷயமாக ஊர் ஊராகச் சுற்ற வேண்டியிருக்கும். போகிற ஊரில் சாயங்காலம் எங்கே பந்து உதைக்கிறார்கள் என்று விசாரித்து அங்கே போய் நிற்பது இருபது வருஷப் பழக்கம். இந்தப் பதில் அப்படிப் பார்த்துச் சேர்த்தது.

பெரும்பாலானவர்கள் இந்தக் கேள்விக்கு மக்கள்தொகை, விமான நிலையம், ஐந்து நட்சத்திர ஹோட்டல் என்று ஆரம்பிப்பார்கள். லீக்கும் ஏறக்குறைய அந்த வழியில்தான் போனது. 2014-ல் எட்டு அணிகளோடு தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்), 2017-ல் புதிய அணிகளுக்கு ஏலம் கேட்டபோது பத்து ஊர்களைப் பட்டியலிட்டது: அகமதாபாத், பெங்களூரு, கட்டாக், துர்காபூர், ஹைதராபாத், ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா, ராஞ்சி, சிலிகுரி, திருவனந்தபுரம். அதற்குச் சில வாரங்கள் முன்னால், ஏப்ரல் 30-ம் தேதி, ஐஸ்வால் எஃப்சி, ஐஎஸ்எல்லுக்கு முன்பிருந்தே நடந்துவந்த தேசிய லீக்கான ஐ-லீக்கின் கோப்பையையே வென்றிருந்தது. ஆனாலும் பட்டியலில் ஐஸ்வால் இல்லை. இம்பால் இல்லை, கோழிக்கோடு இல்லை, மலப்புறமும் இல்லை. அந்தப் பத்தில் அப்போது இடம் கிடைத்தது பெங்களூருக்கும் ஜாம்ஷெட்பூருக்கும்.

பெரிய ஊர் என்பதாலேயே அணி நிலைத்துவிடாது என்பதற்குப் புனேயைப் பாருங்கள். புனே எஃப்சி 2012-13 ஐ-லீக்கில் இரண்டாம் இடம் வந்த அணி. 2015-க்குப் பிறகு லீக்கில் இல்லை. பாரத் எஃப்சி ஆடியது 2015-ல் ஒரே ஒரு சீசன். டிஎஸ்கே சிவாஜியன்ஸ் இரண்டு சீசன். எஃப்சி புனே சிட்டி 2014-லிருந்து 2019 வரை தாக்குப்பிடித்தது. அப்புறம் அதன் இடம் ஹைதராபாத்துக்குப் போனது. ஐந்து வருஷத்துக்குள் ஒரே ஊரில் நான்கு கிளப்புகள் காணாமல் போயின. ரசிகர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆரஞ்சு ஆர்மி என்று பெயர் வைத்துக்கொண்டு தொண்டை வறளக் கத்தியவர்கள் அங்கே இருந்தார்கள். ஆனால் பாலேவாடி ஸ்டேடியம் இருப்பது ஊரின் ஓரத்தில், மும்பை நெடுஞ்சாலைப் பக்கம். ஆட்டம் என்றால் மெனக்கெட்டுக் கிளம்பிப் போக வேண்டும். அணிகள் முதலாளிகளோடு வந்தன. முதலாளிகளுக்குக் கை வலித்தபோது போய்விட்டன.

அந்தப் புனேயிலிருந்து தெற்கே சுமார் 230 கிலோமீட்டரில் கோலாப்பூர். நாட்டளவில் ஆடும் ஒரு தொழில்முறை ஆண்கள் கால்பந்து அணிகூட இதுவரை அந்த ஊருக்கு வாய்த்ததில்லை.

கோவை மாதிரியே கோலாப்பூரும் ஃபவுண்டரி ஊர். ஒருமுறை ஷிரோலி பக்கம் ஒரு ஃபவுண்டரியில் வேலையாகப் போயிருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டே இருந்தார்கள். அங்கே மேற்பார்வை பார்த்தவரிடம் கேட்டேன். "இன்றைக்கு மேட்ச். நீங்களும் வாங்க" என்று தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு ராஜர்ஷி ஷாஹு ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போனார். ஊருக்கு நடுவே இருக்கிறது. ஜனங்கள் நடந்தே வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு உள்ளூர் கிளப்புகளுக்கு இடையில் ஆட்டம். டிவி இல்லை, பெரிய பேனர் இல்லை. கேலரியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். நூல் புடவை, மடியில் பேரன். ஆட்டம் முழுக்க ஒரு இடது பின்கள ஆட்டக்காரனைப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே இருந்தார். என்னவென்று கேட்டதற்கு என்னைக் கூட்டி வந்தவர் மொழிபெயர்த்துச் சொன்னார்: "அவன் அப்பன் இதே இடத்தில் ஆடினான். பந்தை இப்படிக் கால் தாண்ட விடவே மாட்டான்." அப்பா, பிள்ளை இரண்டு தலைமுறை ஆட்டத்தையும் அதே படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். இதை எந்த விளம்பர நிறுவனமும் காசு கொடுத்து உண்டாக்க முடியாது.

இந்த வேர் எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமான விஷயம். கோலாப்பூர் மல்யுத்த ஊர். தாலிம் என்பது மல்யுத்தம் பழகும் கூடம். நம் பக்கத்துச் சிலம்பக் கூடம் மாதிரி. நம்மூர்ப் 'பேட்டை' அவர்களுக்குப் 'பேட்'. பேட்டைக்குப் பேட்டை தாலிம்கள், தருண் மண்டல்கள் என்று இளைஞர் மன்றங்கள் உண்டு. அவற்றிலிருந்துதான் கால்பந்து அணிகளும் முளைத்தன. பாடாகடீல் தாலிம், பால்கோபால் தாலிம், தில்பஹார் தாலிம், கண்டோபா தாலிம், ஷிவாஜி தருண் மண்டல் என்று பெயர்களைக் கேட்டாலே ஊரின் வரைபடம் தெரியும். பேட்டைக்காரர்களுக்கு அது குலதெய்வம் மாதிரி. மழைக்காலம் முடிந்து சீசன் ஆரம்பித்தால் லீக்கும் கோப்பைப் போட்டிகளுமாக மாதக்கணக்கில் ஓடும். சில கிளப்புகள் ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களைக்கூட சீசனுக்கு அழைத்து வருகின்றன. இரண்டு பேட்டைகளுக்கு இடையே கைகலப்பு, கல்வீச்சு என்று போலீஸ் வந்த நாட்களும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

இந்த ஊர்ப் பையன் அனிகேத் ஜாதவ் 2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார். அப்புறம் அவர் ஆடியதெல்லாம் ஜாம்ஷெட்பூர், ஹைதராபாத் என்று வெளியூர் அணிகளுக்கு. தன் ஊர் ஜெர்சியில் தேசிய லீக் ஆடும் வாய்ப்பே அவருக்கு இல்லை. அந்த அம்மாவின் பேரனுக்கும் இன்றைய நிலையில் அதே கதைதான்.

"சின்ன ஊராச்சே?" என்பார்கள். 2011 கணக்கெடுப்பில் கோலாப்பூர் மாநகர மக்கள்தொகை ஐந்தரை லட்சம் என்பது உண்மைதான். ஐ-லீக் வென்ற ஐஸ்வாலுக்கு அதே கணக்கெடுப்பில் மூன்று லட்சம்கூட இல்லை. பணம் யார் போடுவது என்றும் கேட்பார்கள். இதில் கோலாப்பூருக்கு மற்ற ஊர்களுக்கு இல்லாத ஒரு பலம் இருக்கிறது: கூட்டுறவு. சர்க்கரை ஆலையிலிருந்து கோகுல் பால் வரை அந்த மாவட்டமே கூட்டுறவுச் சங்கங்களால் எழுந்தது. பங்கு வாங்குவது, பொதுக்குழுவுக்குப் போய்க் கேள்வி கேட்பது எல்லாம் அங்கே விவசாயிக்கே கை வந்த பழக்கம். ஒரே முதலாளி இல்லாமல், ஆயிரம் ரூபாய்ப் பங்கு வாங்கிய ஐம்பதாயிரம் பேரும் பத்துப் பதினைந்து ஃபவுண்டரிகளும் சேர்ந்து நடத்தும் அணி ஒன்றை இந்தியாவில் எங்காவது முயன்று பார்க்க முடியும் என்றால் அது அங்கேதான். ஒரு எச்சரிக்கை மட்டும். எந்தப் பேட்டையின் பெயரும் நிறமும் அணிக்கு வரக் கூடாது. எல்லாத் தாலிம்களுக்கும் நிர்வாகக் குழுவில் இடம் வேண்டும். இல்லையென்றால் முதல் ஆட்டத்திலேயே பாதி ஊர் வீட்டில் உட்கார்ந்துவிடும்.

நடுத்தர ஊர் தாங்குமா என்ற சந்தேகத்துக்கு ஜாம்ஷெட்பூர் நல்ல பதில். 2017-ல் டாடா ஸ்டீல் அங்கே அணி தொடங்கியபோது பெரிய நகர ரசிகர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆனால் அங்கே 1987-லிருந்து டாடா ஃபுட்பால் அகாடமி நடந்துகொண்டிருந்தது. ஜேஆர்டி டாடா விளையாட்டு வளாகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. கேலரி சுமார் 24,000 பேர் கொள்ளும். ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக ஆட்டத்துக்கு வருகிற கூட்டம் அது. 2021-22-ல் லீக் சுற்றில் முதலிடம் வரும் அணிக்கான ஷீல்டையே வென்றார்கள். மைதானம், பயிற்சி, பார்க்கிற கூட்டம் மூன்றும் முதலிலேயே இருந்த ஊரில் அணி வந்து சேர்ந்தது. அதனால்தான் வேர் பிடித்தது.

இடம் மாறிய அணிகளின் கதைக்கு வருகிறேன். 2019-ல் டெல்லி டைனமோஸ் புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எஃப்சி ஆனது. அது உருப்பட்டது. மாநில அரசு விளையாட்டை உண்மையாகவே தன் காரியமாக எடுத்துக்கொண்ட இடம். கலிங்கா ஸ்டேடியம் இருந்தது. 2023-ல் சூப்பர் கோப்பையும் வந்தது. அதே 2019-ல் புனேயின் இடத்தில் பிறந்தது ஹைதராபாத் எஃப்சி. ஹைதராபாத்தின் கால்பந்துப் பரம்பரை சாதாரணமில்லை. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது ஹைதராபாத் சிட்டி போலீஸ். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டுத் தங்கம் என்று இந்தியாவைக் கொண்டுபோன பயிற்சியாளர் எஸ்.ஏ.ரஹீம் அந்த ஊர்க்காரர். புதிய அணியும் 2021-22-ல் ஐஎஸ்எல் கோப்பையை வென்றது. ஆனால் அது கொரோனா காலம். அந்த சீசன் முழுக்கக் கோவாவில் நடந்தது. தங்கள் அணி சாம்பியன் ஆகும் சீசனில் ஒரு ஆட்டத்தைக்கூட சொந்த மைதானத்தில் பார்க்க ஹைதராபாத்காரர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. பிறகு பண நெருக்கடி வந்தது. 2025-ல் அந்த அணி டெல்லிக்குப் போய் ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி என்று பெயர் மாறிவிட்டது.

சுற்றி வந்த வட்டத்தைப் பாருங்கள்: டெல்லி அணி புவனேஸ்வருக்கு, புனே அணி ஹைதராபாத்துக்கு, ஹைதராபாத் அணி டெல்லிக்கு. ஆறு வருஷத்தில் மூன்று ஊர்களில் பிள்ளைகள் சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் கிழிக்க வேண்டியிருந்தது. வாரணாசியின் பெயரில் 2023-ல் வந்த இன்டர் காசி இன்னொரு வகை. ஐ-லீக்கில் அதன் சொந்த ஆட்டங்கள் நடந்தது மேற்கு வங்கத்தின் கல்யாணியில். காசிக்காரர் ஒருவர் தன் அணியைப் பார்க்க ராத்திரி ரயில் ஏற வேண்டும்.

மலப்புறத்துக்கு வருவோம். இங்கே நான் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் "கேரளாவுக்குத்தான் பிளாஸ்டர்ஸ் இருக்கிறதே" என்று எல்லோரும் சுலபமாகத் தாண்டிவிடுகிறார்கள். கேரளா பிளாஸ்டர்ஸ் வளர்ந்தது கொச்சியில். ஆனால் கொச்சி கேலரியை மஞ்சளாக்கியவர்களில் பெரும்பங்கு வடக்கே மலப்புறம், கோழிக்கோட்டிலிருந்து பஸ்ஸும் ரயிலும் பிடித்து வந்தவர்கள். ஆட்டம் முடிந்து வீடு சேர விடிந்துவிடும். மலப்புறம் மாவட்டத்தில் மட்டும் 2011-ல் 41 லட்சம் பேர். அங்கே செவன்ஸ் என்பது தனி உலகம். அறுவடை முடிந்த வயலிலும் பள்ளி மைதானத்திலும் மூங்கிலும் பாக்கு மரமும் கட்டிக் கேலரி எழுப்புவார்கள். பக்கத்துக்கு ஏழு பேர், சின்ன மைதானம், விளக்கு வெளிச்சம், டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஆயிரக்கணக்கான பேர். கானா, நைஜீரியா, ஐவரி கோஸ்ட்டிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்து சீசன் முழுக்கத் தங்கி ஆடுவார்கள். தினமும் டிக்கெட் எடுத்துக் கால்பந்து பார்க்கிற பழக்கம் இந்தியாவில் வேறு எங்கே இந்த அளவுக்கு இருக்கிறது?

2022 மே 2-ம் தேதி மஞ்சேரி பையநாடு ஸ்டேடியத்தில் சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டம், கேரளாவும் மேற்கு வங்கமும். ரம்ஜான் நேரம். ராத்திரி ஆட்டத்துக்கு மத்தியானத்திலிருந்தே கூட்டம் சேர்ந்துவிட்டது. கூடுதல் நேரம் முடிந்து 1-1, பெனால்டியில் 5-4 என்று கேரளா வென்றது. இதற்கு முந்தைய அரையிறுதியில் கர்நாடகாவை 7-3 என்று அடித்தார்கள். மலப்புறத்துப் பையன் ஜெசின் மாற்று ஆட்டக்காரராக இறங்கி ஐந்து கோல் போட்டார். மாநில அணிகளின் ஆட்டத்துக்கு இப்படிக் கூட்டம் வேறெங்கும் சேர்ந்து நான் பார்த்ததில்லை. அந்த மாவட்டத்து ஆட்டக்காரர் ஆஷிக் குருணியன் பெயர் எடுத்ததும் புனே அணியில் ஆடித்தான். 2024-ல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவில் மலப்புறம் எஃப்சி இருக்கிறது, சந்தோஷம். ஆனால் அது மாநில அளவிலான போட்டி. தேசிய லீக்கின் ஒரு நாற்காலி பையநாட்டுக்கு வர வேண்டும். பிளாஸ்டர்ஸுக்கும் அதனால் நஷ்டமில்லை. கொல்கத்தாவுக்கு இருப்பது போலக் கேரளாவுக்கும் வீட்டுக்குள்ளேயே ஒரு டெர்பி, அதாவது பக்கத்து அணிகள் மோதும் ஆட்டம், கிடைக்கும்.

சரி, கோயம்புத்தூர். சொந்த ஊர்ப் பாசம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதனாலேயே அதை மூன்றாவதாக வைத்தேன்.

எங்களுக்கு ஒரு அணி இருந்தது. பெயரில் சென்னை, ஆடியது கோவையில்: சென்னை சிட்டி எஃப்சி. 2018-19 ஐ-லீக்கின் கடைசி நாள், 2019 மார்ச் 9, சனிக்கிழமை. வ.உ.சி. பூங்காவை ஒட்டிய நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபோடு ஆட்டம். ஜெயித்தால் கோப்பை. அதே நேரத்தில் பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் சறுக்கினால் அவர்களுக்குப் போய்விடும். மூன்றாவது நிமிஷத்திலேயே மினர்வா கோல் போட்டது. சிமென்ட் படி மத்தியான வெயிலில் காய்ந்த சூட்டோடு கிடந்தது. அதில் உட்கார்ந்திருந்த என்னைச் சுற்றி ஒரு சத்தமில்லை. சுண்டல் விற்றுக்கொண்டிருந்த பையன்கூட நின்றுவிட்டான். இடைவேளை வரை அப்படியே. பக்கத்தில் ஒருவர் போனில் கோழிக்கோட்டு ஸ்கோரைப் பார்ப்பதும் சட்டைப் பையில் போடுவதுமாக இருந்தார். இரண்டாம் பாதியில் பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அந்த சீசனில் அவருக்கு அது 21-வது கோல். அப்புறம் பின்கள ஆட்டக்காரர் கௌரவ் போரா ஒன்று, கடைசி நிமிஷங்களில் இன்னொன்று. 3-1. போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னை யாரென்றே தெரியாமல் கட்டிப் பிடித்து அழுதார். ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் ஜெயித்தும் ஒரு புள்ளி பின்னால் நின்றது: 43, 42.

அந்த அணியில் தமிழ்நாட்டுப் பையன்கள் நிறையப் பேர். நெய்வேலி எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ யேசுராஜ். அதற்கு முந்தைய சீசனில் கன்னியாகுமரி மாவட்ட மீனவக் கிராமத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. அடுத்த வருஷம் ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா கிளப்போடு ஆடும் வாய்ப்பு வந்தது. அந்த ஆட்டம் கோவையில் நடக்கவில்லை, அகமதாபாத்தில் நடந்தது. ஊர் தன் வாழ்நாளில் பெற்ற ஒரே ஆசிய இரவை டிவியில் பார்க்க வேண்டியதாயிற்று. அப்புறம் கொரோனா, 2020-21 சீசன் முழுக்கக் கொல்கத்தாவில். அதோடு ஐ-லீக்கில் அந்த அணி இல்லை. சாம்பியன் ஆன இரண்டே வருஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: கோவையில் கூட்டம் இருக்கிறது, ஆட்டக்காரர்கள் மாநிலம் முழுக்க இருக்கிறார்கள், தொழிலதிபர்கள் இருக்கிறார்கள். இல்லாதது மைதானம். நேரு ஸ்டேடியத்தில் ஆடுகளத்தைச் சுற்றி ஓடுதளம். கேலரிக்கும் பந்துக்கும் இடையே அவ்வளவு தூரம். காலையில் நடைப்பயிற்சி, பள்ளி விளையாட்டு விழா, தடகளப் போட்டி எல்லாவற்றுக்கும் அதே இடம்தான். பதினைந்தாயிரம் பேர் உட்காரும், ஓடுதளம் இல்லாத, கால்பந்துக்கென்றே கட்டிய மைதானம் ஒன்று வேண்டும். அது வந்தால் பாலக்காட்டிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் ஜனம் வரும். அது வராமல் அணி மட்டும் வந்தால் மறுபடியும் இரண்டு வருஷம்தான். அதே 2019-ல் மதுரையின் சேது எஃப்சி பெண்கள் லீக் கோப்பையை வென்றதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரே வருஷத்தில் ஆண்கள் ஐ-லீக்கும் பெண்கள் லீக்கும் தமிழ்நாட்டுக்கு வந்தன. எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

வடகிழக்கு வேறு கணக்கு என்றேன். எட்டு மாநிலங்களுக்கும் சேர்த்து ஐஎஸ்எல்லில் குவாஹாட்டியில் ஒரு அணி, நார்த்ஈஸ்ட் யுனைடெட். 2017-ல் அந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குப் போன 21 பேரில் எட்டுப் பேர் மணிப்பூர்ப் பையன்கள். கொலம்பியாவுக்கு எதிராக இந்தியாவின் முதல் உலகக் கோப்பை கோலைப் போட்ட ஜீக்சன் சிங்கும் மணிப்பூர்தான். 2023 மார்ச்சில் இம்பால் குமன் லம்பக் ஸ்டேடியத்தில் இந்திய அணி முதன்முறையாக ஆடியபோது கேலரி நிரம்பி வழிந்தது. இரண்டு மாதம் கழித்து இனக் கலவரத்தில் ஊர் பற்றி எரிந்தது. இம்பாலின் நெரோகாவும் ட்ராவும் தங்கள் சொந்த ஆட்டங்களை வெளி மாநிலத்தில் ஆட வேண்டி வந்தது; அந்த சீசன் முடிவில் இரண்டும் ஐ-லீக்கிலிருந்து கீழே இறங்கின. வீட்டை விட்டு வெளியே நின்று ஆடிய பையன்களை அதற்காகத் தண்டித்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. இம்பாலுக்கு யாரும் புதிதாக அணி கொண்டுபோக வேண்டியதில்லை. இருக்கிற இரண்டையும் கைதூக்கிவிட்டாலே போதும். ஐஸ்வாலுக்கும் அதே பதில். கீழே இறங்க வேண்டிய அணி, கோவா கிளப்புகள் விலகியதால் மறுபடி சேர்க்கப்பட்டு, காலித் ஜமீல் பயிற்சியில் அடுத்த சீசனே சாம்பியன் ஆனது. அவர்களுக்குத் தேவை பயணச் செலவுக்கு உதவியும் மேலே ஏறும் ஏணியும்.

ஏணி இப்போது ஓரளவுக்கு இருக்கிறது. 2022-23 முதல் ஐ-லீக் சாம்பியன் ஐஎஸ்எல்லுக்கு ஏறலாம். 2023-ல் பஞ்சாப், 2024-ல் முகமதன் ஸ்போர்ட்டிங், 2025-ல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போன வழக்குக்குப் பிறகு இன்டர் காசி. அப்படி ஏறி வந்த அணிக்கு நுழைவுக் கட்டணம் இருக்கவில்லை. ஆனால் லீக்கின் பொது வருமானத்தில் பங்கும் இருக்கவில்லை. ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு மட்டும் 16.5 கோடி ரூபாய் வரை செலவழிக்கலாம் என்று உச்சவரம்பு வைத்திருந்த போட்டியில், கையில் ஒன்றுமில்லாமல் ஏறுகிற கோலாப்பூரோ ஐஸ்வாலோ எப்படித் தாக்குப்பிடிக்கும்? பொது வருமானத்தில் அவர்களுக்கும் சம பங்கு வேண்டும். 2025 ஜூலையில் ஒப்பந்தச் சிக்கலால் ஐஎஸ்எல் சீசனே நிறுத்திவைக்கப்பட்டதைப் பார்த்தோம். மேலே இருப்பவர்களுக்கே அந்தக் கதி என்றால் கீழே இருப்பவர்களைக் கேட்க வேண்டாம். அதனால் கோலாப்பூருக்கு என் யோசனை, நேராக ஐஎஸ்எல் இடம் வாங்க வேண்டாம். கீழ் லீக்கில் நுழையட்டும். ஷாஹு ஸ்டேடியத்துக்கு நல்ல ஃப்ளட்லைட்டும் உடை மாற்றும் அறையும் போடட்டும். மூன்று நான்கு வருஷத்தில் ஏறி வரட்டும்.

இடம் மாற்றுவது தவிர்க்கவே முடியாது என்றால் ஒன்று மட்டும் கேட்கிறேன். பெயரையும் நிறத்தையும் பழைய பதிவுகளையும் பழைய ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். லண்டனில் விம்பிள்டன் அணியை 2003-ல் மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முந்தைய வருஷமே, இடமாற்றம் உறுதியானதும், ரசிகர்கள் தாங்களே ஏஎஃப்சி விம்பிள்டன் என்று தொடங்கி, ஒன்பதாம் படியிலிருந்து ஏறி, 2011-ல் ஃபுட்பால் லீக்குக்குள் நுழைந்து, 2020-ல் தங்கள் பழைய தெருவான ப்ளவ் லேனுக்கே திரும்பி வந்தார்கள். ஊர்ப் பெயர் அந்த ஊர்க்காரர்களுடையது என்பதை அவர்கள் கடைசியில் நிரூபித்துவிட்டார்கள். அதற்கு பதினெட்டு வருஷம் ஆனது.

கோவைக்கு அணி வரும் வரை சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஐஎஸ்எல் அணியான 'சென்னையின் எஃப்சி' தன் அரையிறுதிச் சொந்த ஆட்டத்தைப் புனேயில் போய் ஆடியது. கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்து, கோப்பையும் வாங்கியது. வெள்ளத்துக்குப் புனே வரை போக முடிந்தது என்றால், சாதாரண நாளில் கோவைக்கு வருவது பெரிய காரியம் இல்லை. சீசனுக்கு இரண்டே இரண்டு சொந்த ஆட்டங்களை நேரு ஸ்டேடியத்தில் வைக்கட்டும், சனிக்கிழமை சாயங்காலமாக. எத்தனை டிக்கெட் போகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு மைதானத்தைப் பற்றி அரசிடம் பேசலாம்.